படிக்குக் கீழே நின்ற வீரன்

ஆபீசில் அவருக்கு முயல் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல, கண் உள்ளவர்கள். அவர் லிஃப்ட்டில் ஏறமாட்டார், அறுந்து விழும். படியிலும் கைப்பிடியை நம்பாமல் சுவரை ஒட்டியே ஏறுவார். போன் அடித்தால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் எடுப்பார். இப்படிப்பட்ட மனிதர் பிழைப்புக்குச் செய்துவந்தது, கோட்டைக்குள் புகுந்து பூதங்களை வெட்டிச் சாய்ப்பது.

வெட்டுவது கட்டைவிரலால்தான். ஒரு காலத்தில் கடைகளில் காசு போட்டு, நின்றபடியே ஆடிய பழைய வீடியோ கேம் ஒன்றை, உள்ளங்கைக்குள் அடங்கும் கருவிக்காக அந்தக் கம்பெனி புதிதாகச் செய்துகொண்டிருந்தது. வீரன் ஓடுவான், பள்ளம் தாண்டுவான், எதிரில் வருவதை வெட்டுவான். அதை நாள் முழுக்க ஆடிப் பார்த்து எங்கே கோளாறு என்று சொல்வது முயலின் வேலை. முதலாளி அவருடைய அக்கா புருஷன். வீட்டில் அத்தான், ஆபீசில் சார். இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்பது முயலின் அன்றாடப் பயம்.

கூட இருந்த சோதனைக்காரர்கள் எல்லோரும் சூரர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டத்தை முடிப்பார்கள். முயல் மட்டும் ஒளிந்துகொள்வார். நிலவறையில் ஒரு மாடிப்படி உண்டு. அதன் கீழே வீரனை நிறுத்திவிட்டு, மூச்சு சீராகும்வரை பொத்தானைத் தொடமாட்டார். பூதம் போகும், வரும், மேலே ஒன்றிரண்டு வௌவால் பறக்கும். ஆனால் எதுவும் அந்த மூலைக்கு வராது. உலகத்தில் அவருக்குப் பயமில்லாத ஒரே இடம் அது. அப்படி ஓர் இடம் உலகத்தில் இல்லை என்பதுதான் குறை.

விளையாட்டைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் நாள் வந்தது. சிப்பில் பதிந்துவிட்டால் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. முயல் வழக்கம்போல் வீரனைப் படிக்குக் கீழே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். டீ சூடாக இருந்ததால் நாக்குக்குப் பயந்து மெதுவாகக் குடித்தார். திரும்பி வந்தால் திரை உறைந்து கிடந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தார். சேமித்து வைத்திருந்த ஆட்டம் முழுவதும் துடைத்து எடுத்தாற்போல் காணோம்.

போன மாதம் இப்படித்தான் "பெரிய கோளாறு" என்று ஓடிவந்து எல்லோரையும் நிறுத்தினார். பார்த்தால், சார்ஜ் தீர்ந்திருந்தது. "இன்னொரு தடவை இப்படிப் பண்ணினே, உங்கக்கா முகத்துக்காகக்கூட வேலையில வச்சுக்க மாட்டேன்" என்று அத்தான், சாரின் குரலில் சொல்லியிருந்தார்.

சும்மா இருந்துவிடலாம். ஆனால் எங்கேயோ ஒரு பயந்தாங்கொள்ளி இதே மூலையில் ஒதுங்குவான். நடுங்கி நடுங்கி அவன் சேர்த்ததெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். அதை நினைத்தபோது வேலை போகும் பயத்தைவிடப் பெரிய பயமாக இருந்தது.

முதலாளியின் அறைக் கதவைத் தட்டினார்.

"சார்... அத்தான்... சார், அனுப்பாதீங்க."

புரோகிராம் எழுதிய பெண் உள்ளே இருந்தாள். "அண்ணே, சார்ஜ் போட்டீங்களா?"

"போட்டேம்மா. படிக்குக் கீழே நின்னா உறைஞ்சுபோகுது."

"அங்க எதுக்குண்ணே நிக்கணும்? வெட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"பயமா இருந்தா நிக்க மாட்டாங்களா?"

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, காட்டு. இல்லேன்னா மூட்டையைக் கட்டு."

கோளாறைக் காட்ட வீரன் அசையாமல் நிற்கவேண்டும். முயலின் கைகளோ வெடவெடவென்று ஆடின. கட்டைவிரல் பொத்தானில் பட்டு, வீரன் மூலையை விட்டு எகிறிக் குதித்தான், செத்தான். மறுமுறை குதித்தபோது பூதத்தையே வெட்டிவிட்டான். முயலின் வாழ்நாளில் முதல் வீரச்செயல். நேரம் பார்த்து நடந்தது.

"பின்றீங்கண்ணே!" என்றாள் அவள்.

"போதும், அனுப்பிடலாம்" என்று முதலாளி எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க அத்தான்!"

அத்தான் என்றதை முயல் கவனிக்கவில்லை. தட்டுத்தடுமாறி வீரனைப் படிக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார். கருவியை மேஜைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

பூதம் போனது, வந்தது. திரும்பும்போதெல்லாம் ஒரு வௌவால் கூடியது. முதலாளி வாசலைப் பார்த்தார். முயல் கண்ணை எடுக்கவில்லை. வௌவால்கள் திரையைக் கறுக்க அடித்தன. பூதம் திக்கித் திக்கி நடந்து, ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுபோனது.

"ஐயையோ" என்றாள் அந்தப் பெண். "பழைய ஆட்டத்துல கடிகாரம் இருந்துச்சு சார். ரொம்ப நேரம் நின்னா வீரன் செத்துடுவான், வௌவால் பெருக நேரமே இருக்காது. பஸ்ல உட்கார்ந்து ஆடறவங்களுக்கு என்ன அவசரம்னு அதை எடுத்துட்டோம்."

"வௌவாலைச் சரிபண்ண எவ்வளவு நேரமாகும்?"

"நாள் கணக்காகும். கடிகாரத்தைத் திரும்பப் போடறது சுலபம்."

"போடு." முதலாளி முயலின் தோளைத் தட்டினார். "பொழைச்சோம் மச்சான்." ஆபீசில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அதுவே முதல் தடவை.

முயல் சிரித்துப் பார்த்தார், வரவில்லை. வேலை தப்பியது, மூலை போயிற்று.

கடிகாரம் சேர்த்த ஆட்டத்தைச் சோதிக்க அவரிடமே கொடுத்தார்கள். வீரனைப் படிக்குக் கீழே நிறுத்தினார். திரையின் ஓரத்தில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. பூதத்தின் காலடி நெருங்கியது.

"ஓடுங்கண்ணே, நின்னா செத்துடுவீங்க!" என்று பின்னாலிருந்து அந்தப் பெண் கத்தினாள்.

முயல் குதித்தார். சூரர்களைப்போலவே, கண்ணை மூடிக்கொண்டு.