டி.என்.ஏ. ஏணி எந்தப் பக்கம் திரும்பும்?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டி இரும்பில் ஒரு சுருள் படிக்கட்டு நின்றால், அது பெரும்பாலும் நான் போட்டதாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். வெல்டிங் ஹெல்பராக ஆரம்பித்து இன்றைக்குச் சொந்த ஷெட் வைத்திருக்கிறேன். என் படியில் ஏறின எவனும் இதுவரை தடுக்கி விழுந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்டவனுக்குப் போன பரீட்சை சமயத்தில் ஒரு மணி நேரம் பெருமையெல்லாம் பறந்துவிட்டது. என் மருமகளால் வந்தது.

மருமகள் ஊத்துக்கோட்டை போகிற வழியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பள்ளியில் வேலையை நிரந்தரம் ஆக்குவதற்கு முன்னால் தாளாளரும் தலைமை ஆசிரியையும் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். முதல் தடவை அவர்கள் வந்தபோது ஒரு பையன் என்னவோ கேட்க, இவள் பதில் வராமல் அப்படியே நின்றுவிட்டாள். மணி அடிக்கிற வரைக்கும் நின்றாளாம். இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள்.

"இந்தத் தடவையும் நின்னுட்டேன்னா ஊட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்க மாமா" என்றாள். தட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டி.என்.ஏ. பாடத்தை வினாடி வினா வைத்துத் திரும்ப நடத்துவதாகத் திட்டம். அதற்குத் தெர்மாகோலில் ஒரு மாதிரி செய்து வைத்திருந்தாள். பஸ் நெரிசலில் அது நொறுங்கிப்போனது.

"தெர்மாகோலா? நம்ம ஷெட்ல இவ்ளோ இரும்பு கெடக்கறப்போ உனக்கு இன்னாத்துக்கும்மா தெர்மாகோலு?" என்றேன்.

பேப்பர் திருத்திக்கொண்டே எனக்கு விளக்கினாள். டி.என்.ஏ. முறுக்கின ஏணி மாதிரி இருக்குமாம். இரண்டு பக்கச் சட்டமும் சர்க்கரையும் பாஸ்பேட்டும். நடுவில் வருகிற ஒவ்வொரு படியும் ஒரு ஜோடி. அடினைன் வந்தால் எதிரே தைமின், குவானைன் வந்தால் எதிரே சைட்டோசின்.

"மாத்திச் சேராதா?"

"சேராது மாமா."

"நம்ம ஜனங்க சம்பந்தம் பேசறதவிடக் கறாரா கீதே!"

அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தாள்.

சதுரக் கம்பியை முறுக்கி, படிகளுக்கு நாலு கலர் எனாமல் அடித்து, ஒரு ஆள் உயரத்துக்குச் செய்தேன். அடினைன் ஜோடிக்கு நடுவில் இரண்டு கம்பி, குவானைன் ஜோடிக்கு மூன்று கம்பி. அவள் சொன்ன கணக்கு ஒன்றையும் நான் தவறவிடவில்லை. காலையில் தார்ப்பாய் சுற்றி டெம்போவில் ஏற்றி, வகுப்பில் நிறுத்தி போல்ட் முடுக்குவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அவள் நின்று பார்க்கக்கூட நேரமில்லை. தலைமை ஆசிரியையே என்னையும் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் தாளாளர்.

வினாடி வினா அமர்க்களமாகப் போனது. ஜன்னல் பக்கம் ஒரு அணி, கதவுப் பக்கம் ஒரு அணி. தைமின் முப்பது பங்கு இருந்தால் அடினைன் எவ்வளவு என்றாள். "முப்பதேதான் மிஸ்!" என்று இரண்டு அணியும் கத்தின. யார் கண்டுபிடித்தது என்றாள். இரண்டு வெள்ளைக்காரர்கள் பெயரைச் சொன்னார்கள், எனக்கு வாயில் நுழையவில்லை. அவர்கள் தகடு வெட்டி, கம்பி கோத்து மாதிரி செய்துதான் கண்டுபிடித்தார்களாம். அட, நம்ம தொழில்! தாளாளர் பக்கம் திரும்பி மாதிரியைக் கையால் காட்டினேன். அவரும் தலையாட்டினார். எக்ஸ்-ரே படம் எடுத்த ஒரு அம்மாவின் பெயரையும் சொன்னார்கள். அந்தப் படம் இல்லாவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் பிடி கிடைத்திருக்காதாம்.

அப்போது கதவுப் பக்க அணியில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், இந்த மாடல் ராங்கா சுத்துது."

புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"புக்ல முன்பக்கத்து இழை இடது கீழேர்ந்து வலது மேல போவுது மிஸ். இது வலது கீழேர்ந்து இடது மேல போவுது."

எனக்கு அந்த நிமிஷமே உறைத்தது. எங்கள் பக்கத்தில் சுருள் படி போட்டால் கோயிலைச் சுற்றுகிற மாதிரிதான் போடுவோம். ஏறுகிறவனுக்கு நடுத்தூண் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வாஸ்து சரியில்லை என்று முதலாளிகள் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் கை தானாக முறுக்கிவிட்டது. டி.என்.ஏ. வாஸ்து பார்ப்பதில்லை என்று யாருக்குத் தெரியும்?

மருமகளைப் பார்த்தேன். மாதிரியையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். போன தடவை நின்ற நிற்பு இப்படித்தான் இருந்திருக்கும். எழுந்து, "நான்தாம்மா பண்ணேன், டீச்சர் மேல தப்பில்ல" என்று சொல்லிவிடலாம் என்று அரைவாசி எழுந்துவிட்டேன். உட்காருங்கள் என்று கண்ணாலேயே சொன்னாள். வாயை மூடிக்கொண்டு உட்காருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் ஷெட்டில் கேட்டால் தெரியும்.

தாளாளர் பாவம், உதவி செய்வதாக நினைத்து, "தலைகீழா நிறுத்தினா சரியாயிடுமே டீச்சர்" என்றார்.

அவள் கடைசி பெஞ்சை நோக்கி நடந்து வந்தாள். "மாமா, ஒரு போல்ட் இருக்குதா?"

சட்டைப்பையில் மிச்சம் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதை உயர்த்திப் பிடித்தாள்.

"போல்ட்ல சுத்திச் சுத்திப் போற இந்த மரை எந்தப் பக்கம் ஏறுது?"

"வலது பக்கம் மிஸ்."

தலைகீழாகத் திருப்பினாள். "இப்போ?"

"இப்பவும் வலது பக்கம்தான் மிஸ்!"

"டி.என்.ஏ. இந்த போல்ட் மாதிரி. நம்ம மாடல் அதுக்கு எதிர். தலைகீழா நிறுத்தினாலும் எதிர்தான். கண்டுபிடிச்சதுக்கு உங்க டீமுக்குப் பத்து மார்க்." அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைதட்டினாள். அப்புறம் குரல் இன்னும் தெளிந்தது. "இப்போ கடைசிக் கேள்வி. கண்டுபிடிச்ச அந்த ரெண்டு பேரும் மொதல்ல செஞ்ச மாடலும் தப்புதான். மூணு இழை வெச்சுட்டாங்க. அதப் பாத்த உடனே தப்புன்னு சொன்னது யாரு?"

 ஜன்னல் பக்கத்திலிருந்து ஒருவன், படம் எடுத்த அந்த அம்மாவின் பெயரைச் சந்தேகமாகச் சொன்னான்.

"கரெக்ட்!" என்றாள். கூரை பிய்கிற மாதிரி சத்தம். 

மணி அடித்ததும் தலைமை ஆசிரியை அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். நான் வராந்தாவில் தார்ப்பாயை மடித்தேன், பிரித்தேன், திரும்பவும் மடித்தேன். வெளியே வந்தவள் நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இன்னாம்மா சொன்னாங்கோ? எனக்கு பேஜாரா கீது, சொல்லித் தொலை."

"அந்த மாடல எடுத்துக்கினு போவாதீங்க மாமா. லேப்லயே இருக்கட்டும்."

"தப்பா சுத்துதேம்மா. நாலு நாள்ல வேற முறுக்கிக் குடுத்துடறேன்."

"வேணாம். அடுத்த வருஷம் பசங்களுக்கும் இதே கேள்வி கேக்கணும்."

அடுத்த வருஷம் என்றாளே, அப்படியானால் வேலை நிரந்தரம்தான். காலி டெம்போவில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தேர்வாய் கண்டிகை தாண்டுவதற்குள் கழுத்து சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டாள். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் டிரைவரின் தோளைத் தட்டி, மெதுவாகப் போகச் சொன்னேன்.