எவருக்கும் காயமில்லை

“சத்தமா படிபா. இன்னா பொய்யி போட்டுக்கிறான்னு எல்லாருக்கும் கேக்கட்டும்!”

விழுப்புரம் வண்டியில் வரும் நாளிதழ் யார் கையில் இருந்தாலும் பக்கிரி விடமாட்டார். வில்லியனூர் ரயிலடிக்கு எதிரே கீற்றுக் கொட்டகையில் அவருடைய சோற்றுக்கடை. ஒரு கை குழம்பைத் துழாவும். மறுகை நாளிதழ் வைத்திருப்பவரைப் பிடித்து உட்காரவைக்கும். எழுத்துத் தெரியாது. செய்தி வேண்டும். கேட்டு முடித்ததும் அதோடு சண்டை போடுவார். பஞ்சம் பிடித்த வங்காளத்தில் உணவு நிலைமை சீரடைந்து வருகிறது என்று ஒருநாள் நான் படித்தேன். “செத்தவன் எழுந்து வந்து சொன்னானா?” என்று என்னையே முறைத்தார்.

பாகூர்க்காரர். தடித்த உடம்பு, முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த வடுக்கள். வாலிபத்திலேயே எங்கள் பிரெஞ்சு எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போனவர். அங்கே பட்டம் வாங்கியவர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்டால் தெரியாது. ரசத்தைக் கையேந்திக் குடித்தவன், மோருக்கு உப்புக் கேட்டவன் என்றுதான் நினைவு வைத்திருக்கிறார். நாட்டு நடப்பெல்லாம் அந்தப் பந்தியில்தான் அவர் காதில் விழுந்தது. பையன்கள் சுயராஜ்யம் பற்றி எச்சில் கையோடு சண்டை போடுவார்கள். இவர் இரண்டு கட்சிக்கும் கூட்டு வைப்பார்.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் தலைவர்களைச் சிறைப்பிடித்த செய்தி வந்தது. மாணவர்கள் வகுப்புக்குப் போகவில்லை. நடுப்பகலில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போலீஸார் புகுந்து, இலைக்கு முன்னால் இருந்தவர்களைத் தடியால் அடித்தார்கள். தணிகைவேல் என்ற வில்லியனூர்ப் பையன் தலையைக் காக்க வலது கையைத் தூக்கினான். கை முறிந்தது.

“சோத்துக் கையிபா அது! வாயில சோறு. அம்மான்னு கத்தக்கூட முடியல அவனால.” இதைச் சொல்லும்போது பக்கிரியின் குரல் உடையும், அடுத்த நொடியே வசவாக மாறும்.

மறுநாள் நாளிதழில் வந்தது இவ்வளவுதான்: ‘மாணவர்கள் கலைந்து சென்றனர். எவருக்கும் காயமில்லை.’

அதைவிடக் கொடுமை, வார்டன் மணவாளன் செய்தது. தாம் சொன்னதுபோலவே, மாணவர்கள்தான் முதலில் கல்லெறிந்தார்கள், எவருக்கும் காயமில்லை என்று விசாரணையில் சாட்சி சொல்லும்படி பக்கிரியை அழைத்தார்.

“நான் பொறுக்கின அரிசியில கல்லே கெடையாதுங்க ஐயா. அதுங்களுக்கு ஏது கல்லு?” என்றார் பக்கிரி.

அன்றே வேலை போயிற்று. வேறொருவர் சாட்சி சொன்னார். தணிகைவேலைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். அவன் கை இன்றும் முழுதாக மடங்குவதில்லை. அப்பாவின் கரும்புக் கொல்லையில் இடக்கையால் வெட்டுகிறான். அவனைப் பார்த்த நாளெல்லாம் பக்கிரியின் கடையில் யாரும் வாய் திறக்க முடியாது.

சென்ற மாதம் புதுச்சேரி போகும் வண்டி வில்லியனூரில் வெகுநேரம் நின்றுவிட்டது. கோட்டுப் போட்ட ஒருவர் பசியோடு கொட்டகைக்குள் குனிந்து வந்து உட்கார்ந்தார். பக்கிரி இலை போட்டார், சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார். வந்தவர் முதல் கவளத்தை எடுத்தபோதுதான் பக்கிரி வாய் திறந்தார்.

“மெள்ள சாப்புடுங்க வார்டன் ஐயா. இங்க எவனும் தடியத் தூக்கினு வரமாட்டான்.”

கவளம் பாதியில் நின்றது. “பக்கிரியா?” என்றார் மணவாளன். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மேலேருந்து உத்தரவுப்பா. நான் என்ன பண்றது?”

“அடிச்சது உத்தரவு, செரி. காயமே இல்லன்னு நீங்களும் சொன்னீங்களே, அதுவும் உத்தரவா? இப்ப சொல்லுங்க. காயம் பட்டுதா, இல்லியா?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். மணவாளன் இலையை மடிக்காமலே, கை கழுவ எழுந்தார்.

பக்கிரி அவர் தோளில் கைவைத்து, அழுத்தி, இருந்த இடத்திலேயே உட்காரவைத்தார். பிறகு குனிந்து, அந்த இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.