கிளச்சுக்குப் போட்ட செப்புக் குழாய்

"செப்புக் குழாய் போட்டா ஓட்டம் கூடுமோ, தம்பி?" என்று வாடகைக் கார் ஓட்டும் வீரகத்தி கேட்டார்.

"ஓட்டம் எஞ்சினில இருக்கு, ஐயா. கிளச்சை மிதிச்சா ஒயில் இந்தக் குழாயாலதான் போகுது. பழைய றப்பர்க் குழாய் எண்டா அந்த அமுக்கத்தில பலூன் மாதிரி ஊதும். அரைவாசி மிதி அங்கயே போயிடும்."

"நெடுங்கேணியில ஒருத்தன் போட்டவனாம். கார் பறக்குதாம்."

"அது றோட்டுக் கிடங்குக்கு மேலால பறந்திருக்கும்" என்றான் கார் திருத்தும் ஸ்ரனிஸ்லஸ்.

காரின் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் விரித்திருந்த பக்கத்து வீட்டுச் சிவதர்சினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஸ்ரனிஸ்லஸுக்கு ஆங்கிலம் வராது. அவள்தான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாயின் படம் வந்ததும், "காணும் பிள்ளை, மிச்சம் எனக்குத் தெரியும்" என்றான்.

முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவன் அவன். போரால் வள்ளங்கள் கடலுக்குப் போக முடியாமற்போன பிறகு கிளிநொச்சிக்கு வந்து கார் திருத்தினான். அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. அரசின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பழுதான குளிர்சாதனப் பெட்டியிலிருந்து செப்புக் குழாயை வெட்டி எடுத்தான். எஞ்சினின் ஆட்டத்தில் வெடிக்காதிருக்க அதை மூன்று சுற்றுச் சுற்றினான். பிறகு, எதைப் பூட்டினாலும் செய்வதுபோல, குழாயையும் அது போய்ச் சேரும் கிளச்சுச் சிலிண்டரையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வாயால் ஊதிப் பூட்டினான்.

வீரகத்தி மணிக்கூட்டைப் பார்த்துச் சந்திவரை ஓட்டினார். முன்பும் பத்து நிமிடம், இப்போதும் பத்து நிமிடம். மிதி மட்டும் இறுகியிருந்தது. அவருக்குப் பாதித் திருப்தி.

அந்தப் பக்கத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போக வாடகைக்குக் கிடைத்தது அந்த ஒரு கார்தான். ஒன்பதாம் நாள் பிள்ளைவலி கண்ட பத்மாசனியை ஏற்றிப் போகும்போது, பாதி வழியில் எஞ்சின் கத்தியதே தவிர கார் நகரவில்லை. வழியில் வந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் அவளைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

பின்னேரத்துக்குள் ஊரெல்லாம் செப்புக் குழாயைத் திட்டியது. வேறு ஆட்களிடம் அதைப் போட்டு ஓடிய இன்னும் இரண்டு கார்க்காரர் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய றப்பரையே மாட்டினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் ஸ்ரனிஸ்லஸ் கிளச்சின் சிலிண்டரைக் கழற்றினான். உள்ளே இருந்த றப்பர் மூடி ஊறின கடலைபோல வீங்கி இறுகி, மிதித்த கிளச்சைத் திரும்பி வர விடாமல் கிடந்தது. அன்றைக்கு நிறுத்திய பக்கத்தின் மீதியைச் சிவதர்சினியை வாசிக்கச் சொன்னான். றப்பரில் மண்ணெண்ணெய் படக்கூடாது, பிறேக் ஒயிலால் மட்டுமே கழுவவேண்டும் என்று அதில் இருந்தது.

அந்த றப்பரை வேறு யாரும் காணவில்லை. குழாய்தான் பிழை என்று விட்டால் கேட்பாரில்லை. உண்மையைச் சொன்னால் நாளை ஒரு காரும் அவனிடம் வராது. சொல்லாவிட்டால் அந்த இரண்டு கார்களும் ஊதின றப்பரோடுதான் ஓடும். சிவதர்சினிக்கும் இது விளங்கியது.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்:

"பிள்ளை, உம்மட எழுத்து வடிவு. ஒரு மட்டையில பெரிசா எழுதித் தாரும், வாசலில தொங்கவிட. குழாயில பிழையில்லை, மண்ணெண்ணெயால கழுவினதுதான் பிழை எண்டு. கழுவினது ஸ்ரனிஸ்லஸ் எண்டும் போடும். பேரை விட்டிடாதையும்."