சீர்வரிசையில் போன செட்டாப் பாக்ஸ்

சின்னமனூர் சுருளியம்மாள் எதையும் உள்ள அளவில் சொல்லமாட்டாள். முழம் நீளச் சாரைப்பாம்பைப் பார்த்தால் மலைப்பாம்பு என்பாள். நாலு தூறல் விழுந்தால் ஊரே மிதக்கிறது என்பாள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே கவாத்து வெட்டும்போதுகூடக் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். கள்ளம் கிடையாது, மனசு தங்கம்தான். ஆனால் அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை உப்புப் போட்டுக் கேட்பது தெரு வழக்கம். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை கலப்படமில்லாத உண்மையைச் சொன்னாள். நம்பவேண்டியவள் நம்பவில்லை.

விஷயம் இதுதான். ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் சனி பகவான் கோயிலில் எள்ளுத்தீபம் போட்டுவிட்டு வந்தவளின் வாய்க்கு நேரே ஒரு டிவிக்காரன் மைக்கை நீட்டினான். என்ன வேண்டுதல் என்று கேட்டான். பெரியகுளத்தில் இருக்கும் நாத்தனார் பாண்டியம்மாளுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, அவளுக்காக வந்தேன் என்று சுருளியம்மாள் சொன்னாள். மறுவாரம் அது டிவியில் வந்தது. புருஷன் ராக்கப்பன் செட்டாப் பெட்டியின் ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அமுக்கி, அதில் செருகிய பென்டிரைவில் பிடித்தும் வைத்துவிட்டார்.

அன்றைக்குப் பார்த்துப் பெரியகுளத்தில் பகல் முழுக்கக் கரண்டு இல்லை. பாண்டியம்மாள் பார்க்கவில்லை. போனில் சொன்னதற்குச் சிரித்தாள். மதினி டிவியில் வந்ததே பொய், அதிலும் எனக்காக விளக்குப் போட்டதாகச் சொல்வது பச்சைப் பொய் என்றாள். சேனல்காரர்கள் யூடியூபில் போட்டதிலோ சுருளியம்மாளை வெட்டியிருந்தார்கள். அவ்வளவு பேசினால் வெட்டாமல் என்ன செய்வார்கள்! பென்டிரைவில் பிடித்ததை டிவியில் ஓடவிட்டு, அதில் முதல் துண்டை மட்டும் ராக்கப்பன் செல்போனில் எடுத்து அனுப்பினார். அதற்கும் ஒரு பதில் வந்தது.

"போன்ல இப்பச் செத்தவுகளே எந்திரிச்சு வந்து பாடுறாக. இதப் போயி நம்பச் சொல்றீகளா மதினி?"

சுருளியம்மாள் விடவில்லை. பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு பெரியகுளத்துக்கே பஸ் ஏறினாள். பாண்டியம்மாள் வீட்டு டிவியில் செருகினால் ஒரு படமும் வரவில்லை. திறக்க முடியாது என்று ஒரு வரி மட்டும் வந்தது. "காலிக் குச்சியக் காட்ட இம்புட்டுத் தூரமா?" என்று கேட்டு, பாண்டியம்மாள் காப்பி கொடுத்து அனுப்பினாள். அந்தக் காப்பி வேப்பெண்ணெயாகக் கசந்தது.

திரும்பியதும் நேரே டிஷ் மாட்டும் தௌபீக்கிடம் போய் நின்றாள். படங்களைத் திருடி விற்றுவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் பூட்டுப் போட்டிருக்கிறார்கள், இந்தப் பெட்டியில் பிடித்ததை இந்தப் பெட்டிதான் காட்டும், அதுவும் டிஷ்ஷில் சிக்னல் வந்தால்தான் பூட்டே திறக்கும் என்று அவன் பொறுமையாகச் சொன்னான்.

"எம் மூஞ்சி, எவ் வாயி, எங்க வீட்டுக் கரண்டு. பூட்டு மட்டும் அவனுதா?"

அப்படியானால் பெட்டியோடு டிஷ்ஷையும் கழற்று என்றாள். பாண்டியம்மாள் மகள் கயலுக்குக் காதுகுத்து வந்தது. ராக்கப்பன் தாய்மாமன். சீர் கொண்டுபோகும் குட்டியானை வேனிலேயே டிஷ்ஷும் பெட்டியும் ஏறின. கறிச்சோறு உண்டு என்றதும் தௌபீக்கும் ஏறினான்.

பெரியகுளத்தில் இறங்கியதும் கொட்டு முழங்கியது. சுருளியம்மாள் குத்துவிளக்கோடு முன்னால் போய்விட்டாள். தௌபீக், டிஷ்ஷை எங்கே மாட்டலாம் என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போனான். வண்டிப் பக்கத்தில் நின்றது ராக்கப்பனின் சித்தி ஜக்கம்மா. எண்ணிப் பார்த்தால் தட்டுகள் இரட்டைப்படை. சீர்த்தட்டு ஒற்றைப்படையில் போகாவிட்டால் ஊர் சிரிக்குமே! கிழவி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் கண்ணுக்குப் பெரிய தாம்பாளமாகத் தெரிந்த டிஷ் வண்டியில் சும்மா கிடந்தது. அதில் வாழைப்பழச் சீப்புகளை அடுக்கி, நடுவில் பெட்டியை வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, ஒருத்தி தலையில் தூக்கி வைத்துவிட்டாள்.

சபையில் மைக் பிடித்தவர் ஒவ்வொன்றாக வாசித்தார். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, "தாய்மாமன் ராக்கப்பன் கொண்டாந்த டிஷ்ஷு, பொட்டியோட!" பந்தலே கை தட்டியது. இப்படிச் சீர் செய்ய யாரால் முடியும் என்று நாலு பேர் ராக்கப்பன் முதுகைத் தட்டினார்கள். மனுஷன் முழிபிதுங்கி நின்றார்.

சுருளியம்மாள் எட்டிப் பார்த்தாள், அவர்கள் வீட்டுப் பெட்டியேதான். சபையில் வைத்த சீரைத் திருப்பி எடுப்பது செருப்பால் அடிப்பதற்குச் சமம். எங்கள் பெட்டி என்று வாய் திறந்தால் புருஷன் மானம் போகும். திறக்காவிட்டால் பெட்டி போகும். பிறந்ததிலிருந்து மூடாத வாயை அன்றைக்கு மூடினாள். சாப்பிட்ட கை காயுமுன் தௌபீக்கைத் தள்ளிக்கொண்டுபோய் டிஷ்ஷை மாட்டவைத்தாள்.

பந்தலுக்குள் டிவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பென்டிரைவைச் செருகியதும் பூட்டு திறந்தது. திரை நிறைய சுருளியம்மாள்! "எங்க நாத்தனாவுக்கு ஏழர நடக்குதுய்யா, அவளுக்காகத்தேன் வந்தேன், அவ நல்லாருக்கணும்" என்று கைகூப்பினாள். பாண்டியம்மாள் வாயில் கை வைத்தாள். கண் கலங்கிவிட்டது. சுருளியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் திரையில் இருந்தவள் அதோடு நிறுத்தவில்லை. அவளாவது நிறுத்துவதாவது! "அவளுக்கு வாயி மட்டுந்தேன் வைகை நீளம். அதுக்குத்தேன் சனி புடிச்சு ஆட்டுது" என்றும் சொல்லிவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். பந்தல் குலுங்கிச் சிரித்தது.

அப்படிச் சொன்னதே சுருளியம்மாளுக்கு மறந்துபோயிருந்தது. பாண்டியம்மாள் நம்ப வேண்டுமே என்ற பதைப்பில், தான் பேசியதைத் தானே எங்கே காது கொடுத்துக் கேட்டாள்? அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டிவிடு என்று தௌபீக் காதில் கெஞ்சினாள். பூட்டுப் போட்டதை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது, வேண்டுமானால் மொத்தமாக அழிக்கலாம் என்றான். சரி, அழி என்று ரிமோட்டை எட்டினாள்.

பாண்டியம்மாள் முந்திக்கொண்டு அதைப் பறித்து இடுப்பில் செருகினாள்.

"சீரா வந்தது எங்க வீட்டுப் பொருளு மதினி. எனக்காக ஒருத்தி சாமிகிட்டப் போயிருக்கீக, அத நான் தெனமும் பாப்பேன். வாயப் பத்திச் சொன்னீகல்ல, வர்ற ஆடிக்கு நானும் குச்சனூர் வாரேன். மைக்கு எங்கிட்டயும் வரட்டும்."