நாலாம் துண்டின் வாடகை

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். அருந்தவன் என் குசினிக் கதிரையில் இருந்து, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னது இது. எனக்கு ஊர்க்கதையில் ருசி அதிகம் என்று இந்தத் தெருவே சொல்லும். அதனால்தான் நாள் விட்டு நாள் மூன்று தரம் கேட்டுப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட மாறவில்லை.

என் வேலிக்கு அப்பால் இருப்பவர், ஊரே அங்கிள் என்று கூப்பிடுகிற தேவராஜா. கோயிலில் எப்போதும் முன்வரிசை. சிட்னிக்கு மேற்கே, கெம்ப்ஸ் கிரீக் பக்கம் அவருக்கு ஐந்து ஏக்கர் காணி. அதை எட்டுத் துண்டாக்கி, விசா முடிவு வராமல் வருஷக்கணக்காகக் காத்திருக்கிற நம் ஆட்களுக்குத் தோட்டம் செய்ய வாடகைக்கு விட்டிருந்தார். துண்டுக்கு மாதம் முந்நூறு டொலர், கையில் காசாக. வசூலிக்கிற வேலை அருந்தவனுக்கு. சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. காணி மூலையில் கிடந்த பழைய கொண்டெய்னரில் அவனும் மனைவி பிரியந்தினியும் குடியிருக்கலாம், அவ்வளவுதான் அங்கிளின் தாராளம். பிரியந்தினிக்கு அப்போது ஏழு மாதம்.

நாலாம் துண்டுக்காரர் கிருபானந்தன். தனி ஆள். தோட்டத்து ஷெட்டிலேயே படுப்பார். நாலு மாதமாக வாடகை கட்டவில்லை. பத்து நாளாக ஆளையே காணவில்லை. காசுக்குப் பயந்து ஒளிக்கிறார் என்றுதான் அருந்தவன் நினைத்திருந்தான்.

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. மதியம் அங்கிள் போன் எடுத்தார்.

“நாலாம் துண்டுக் காசு ஆயிரத்து இருநூறும் இண்டைக்கு வரவேணும், தம்பி. ஆறு மணிக்கு கேற்றடிக்கு வருவன்.”

“அங்கிள், அந்த மனிசனைக் கண்டே பத்து நாள்...”

“அப்ப நீர் நாளைக்கு வேற இடம் பாரும். கொண்டெய்னருக்கு ஆள் நிக்குது.”

வேற இடம்! வேலை செய்யவே அனுமதி இல்லாதவனுக்கு எந்த ஏஜென்ட் வீடு கொடுப்பான்? இந்தக் குளிரில், ஏழு மாத வயிற்றோடு அவளை எந்த பஸ் தரிப்பில் இருத்துவது? பிரியந்தினியிடம் மூச்சு விடவில்லை. இருமுறை நாலாம் துண்டுக்குப் போய்ப் பார்த்தான். ஷெட் பூட்டிக் கிடந்தது.

மூன்றாவது தரம் போனபோது மாலை 5.20. ஜூலையில் அந்த நேரமே இருட்டுத்தான்.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. டக்... டக்... மண்வெட்டியால் கொத்துகிற சத்தம். இருட்டில் யாராவது கொத்துவார்களா? ஆள் அகப்பட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் அருந்தவனுக்கு அது உறைக்கவில்லை.

ஷெட் வாசலுக்கு வந்தான். சத்தம் நின்றது.

பூட்டைக் காணவில்லை. கதவு திறந்திருந்தது. லைற் இல்லை. உள்ளே கட்டிலில் கிருபானந்தன் இருந்தார். மண்வெட்டி அவரிடம் இல்லை.

“அண்ணை... காசு.” கொண்டெய்னரிலை இருந்து எங்களை எழுப்பப் போறார் அண்ணை. அவள் வயித்திலை பிள்ளையோடை... உங்கடை காலிலை விழுறன்.”

“விழாதையும். மேசையிலை இருக்கு.”

இருந்தது. ஒரு கவர். இருபது டொலர்த் தாள்கள். போன் வெளிச்சத்தில் எண்ணினான். அறுபது. சரி.

எண்ணும்போது குளிருக்கு அவன் வாயிலிருந்து புகை புகையாக வந்தது.

“காசு வந்தால் இந்தத் துண்டிலை இருந்து என்னை எழுப்ப மாட்டியள் தானே?” என்றார் கிருபானந்தன்.

“காசு வந்துகொண்டிருந்தால் ஒருத்தரும் எழுப்பேலாது, அண்ணை.”

“எனக்கு அது காணும்.”

அவர் வாயிலிருந்து புகை வரவில்லை.

அருந்தவன் அதைக் கண்டான். கண்டும் காசைத்தான் பைக்குள் வைத்தான்.

“போட்டு வாறன், அண்ணை.”

“ஓம். வாரும்.”

5.34. வரம்பில் நடக்கும்போது போன் அடித்தது. பிரியந்தினி.

“எங்கையப்பா நிக்கிறியள்?”

“கிருபா அண்ணையட்டை. முழுக் காசும் தந்திட்டார்!”

“ஆர்... கிருபா அண்ணையோ?”

“என்னடியப்பா?”

“வாட்ஸப்பிலை மரண அறிவித்தல் வந்திருக்கு... கிருபா அண்ணை செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலை... காணாமல் போன நாளிலை இருந்து அங்கைதானாம் கிடந்தவர்...”

அருந்தவன் பைக்குள் இருந்த கவரைத் தொட்டுப் பார்த்தான்.

செத்தவீட்டில் நம் ஆட்கள் விடை பெறுவதில்லை. பேசாமல் எழும்பி நடந்துவிடுவார்கள். வாறன் என்று சொன்னால் அந்த வாசலுக்கு மறுபடி வரவேண்டி வரும்.

அவன் சொல்லிவிட்டான்.

பின்னால்... டக்.

டக்.

கிட்ட...

“தம்பி... எப்ப வருவீர்?”

ஓடினான்.

ஆறு மணிக்கு கேற்றடியில் நின்ற காருக்குள் கவரை எறிந்தான். அங்கிள் எண்ணிப் பார்த்து, “இனிப் பயமில்லாமல் இரும்” என்றாராம். எந்தக் கூரைக்காகக் காலில் விழப் போனானோ, அந்தக் கூரையின் கீழ் அருந்தவன் அன்றிரவு படுக்கவில்லை. ஒரு சூட்கேஸ், இரண்டு போர்வை, பிரியந்தினி. கோயிலில் பழகிய உரிமையில், இரண்டு பஸ் மாறி என் வாசலில் வந்து நின்றார்கள். இப்போதும் என் கராஜில்தான் இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன மாதம் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில், செருப்புக் கழற்றுகிற இடத்தில், தேவராஜா அங்கிளின் மனைவி அருந்ததி அகப்பட்டா. சும்மா விடுவேனா?

“நாலாம் துண்டை இப்ப ஆருக்குக் குடுத்திருக்கிறியள்?”

“ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, அக்கா. அதுக்கு வாடகை ஒழுங்காய் வருகுதுதானே.”

“ஆர் தாறது?”

அவ என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இவர்தான் மாதா மாதம் போய் வாங்கிறவர். முதல் தரம் போட்டு வந்து மூண்டு நாள் காய்ச்சல். அண்டையிலை இருந்து படுக்கேக்கை லைற்றை நூர்க்க விடுறாரில்லை.”

“பிறகும் போறவரோ?”

அருந்ததி செருப்பை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தா.

“முந்நூறு டொலரெல்லே, அக்கா.”