மாமா போன செத்த வீடுகள்

என் மாமனார் நீண்ட காலம் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வருமுன்பு, அரசியல்வாதியின் வீடென்றால் கூட்டமும் சத்தமுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவையும் இருந்தன. ஆனால் அந்த வீட்டில் நாள் தொடங்குவது பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தோடு. மாமி குசினி வாசலில் நின்று அதைச் சத்தமாக வாசிப்பார். மாமா பல் துலக்கிக்கொண்டே, "ஓம், உதுக்குப் போகவேணும்" என்பார். "உவையின்ரை பிள்ளையள் எல்லாம் கனடா. வோட்டுப் போட ஒருத்தரும் இல்லை. அதுக்கும் போகத்தான் வேணும்."

கலியாண வீடுகளைத் தவறவிட்டாலும் செத்த வீடுகளைத் தவறவிடமாட்டார். அதற்கென்றே வெள்ளை வேட்டிகள் கதவுக்குப் பின்னால் தனியாகத் தொங்கும். காவலுக்கு நிற்கும் பொலிஸ்காரரைக் கூட்டிப் போகமாட்டார். "துக்கம் விசாரிக்கத் துவக்கோடை போறதே?" என்பார்.

அவர் ஒருநாளும் ஆளும் பக்கத்தில் இருந்ததில்லை. கொழும்பில் எழும்பிக் கேள்வி கேட்பார். கேட்டது பாராளுமன்றப் பதிவான ஹன்சார்ட்டில் அச்சாகும். கேட்ட பாலமோ றோட்டோ பெரும்பாலும் வராது. சனத்துக்கு அவரால் உறுதியாகக் கொடுக்க முடிந்தது தன் வருகையை மட்டும்தான். அதை ஒருவருக்கும் மறுக்காமல் கொடுத்தார் என்று நினைக்கிறேன். அவருடைய வீட்டுச் சோறு சாப்பிட்டவள் என்பதால் அப்படி நினைக்கிறேனோ தெரியாது.

தேர்தல் அறிவித்திருந்த நேரம் அது. மாமாவின் சாரதி சொல்லாமல் கொள்ளாமல் எதிர்ப்பக்கத்து வேட்பாளரிடம் போய்விட்டார். என் கணவர் வேலைக்காகக் கொழும்பில். அதனால் காரை நான்தான் ஓட்டினேன். மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

அந்தக் கிழமை, வலிகாமத்தில் ஒரு ஊரின் ரயில் கடவையில் ஒரு இளம் தகப்பன் மோட்டார் சைக்கிளோடு அடிபட்டு இறந்துபோனார். அது கேற் இல்லாத கடவை. கேற் போட்டுத் தரச் சொல்லி அந்த ஊரவர் எங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறார்கள். மாமா அதைப் பாராளுமன்றத்திலும் பேசியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. மாமா வந்தால் செருப்பு மாலை போடுவோம் என்று அந்த ஊர்ப் பெடியள் பேஸ்புக்கில் எழுதியிருந்தார்கள்.

கணவர் காலையிலேயே போன் எடுத்தார். "அப்பாவை அங்கை கொண்டு போகாதை. கார் பழுது எண்டு சொல்லு."

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. கார்த் திறப்பை ஒளித்து வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமா வேட்டியோடு வந்து நின்றார்.

"பிள்ளை, காரை எடு."

"மாமா, இண்டைக்கு வேண்டாம். அவர் போன் எடுத்தவர்..."

"அவன் கொழும்பிலை இருந்து சொல்லுவான். செத்தது இஞ்சை."

"பெடியள் கோவத்திலை இருக்கினம் மாமா."

"செத்த வீட்டுக்கு வந்தவனை ஆரும் மறிக்கிறேல்லை. ஆமி நிண்ட காலத்திலையும் போனனான், இயக்கம் நிண்ட காலத்திலையும் போனனான். இதுக்குப் போகாட்டில் இனி நான் எதுக்குப் போறது?"

மாமி பிரஷர் கூடிப் படுத்திருந்தார். மகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. மாமி படுக்கையிலிருந்தபடியே, "பிள்ளையைக் காராலை இறக்காதை, அந்தத் துடக்கு வீட்டு வாசலையும் மிதியாதை" என்றார். பிள்ளைக்குத் தீட்டுப் படாமலிருக்க வேப்பங்கொத்து ஒன்றை முறித்துக் காருக்குள் வைத்தேன். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் வைத்தேன்.

செத்த வீட்டு ஒழுங்கை முகப்பில் ஒரு மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டுவிட்டு நாலைந்து பேர் நின்றார்கள். காரை நிறுத்தினேன். ஒருவன் குனிந்து உள்ளே பார்த்தான்.

"ஆர் உது, ஐயாவே? எலெக்சன் கிட்ட வந்திட்டுதெல்லோ, அதான்."

"மறியாதையடா. செத்த வீட்டுக்கு வாற ஆள்" என்றார் பின்னால் நின்ற வயதானவர்.

"போகட்டும் அண்ணை, போகட்டும். மைக்கை மட்டும் கையிலை குடுத்திடாதேங்கோ. பிறகு பிரேதம் நாளைக்குத்தான் வெளிக்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மோட்டார் சைக்கிளை விலக்கினார்கள். அதே பெடியன் என்னிடம், "அக்கா, பிள்ளையோடை வெயிலுக்கை நிக்காதேங்கோ. பூவரசுக்குக் கீழை விடுங்கோ" என்றான். அது இரக்கமா, காரை ஒதுக்குப்புறமாக நிறுத்த வைக்கும் தந்திரமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவன் காட்டிய இடத்திலேயே விட்டேன், எஞ்சினை நிறுத்தாமல்.

மாமா தனியே உள்ளே போனார். பறை ஓய்ந்தது. பிறகு ஏதோ விழுந்த சத்தம். மாமி சொன்னதெல்லாம் மறந்து, மகளைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினேன்.

விழுந்தது ஒரு பிளாஸ்ரிக் கதிரை. மாமா எழும்பியபோது சரிந்திருக்கிறது. வழக்கமாக அவரைக் கண்டதும் மைக் வைத்திருப்பவர் பெயர் சொல்லி அஞ்சலி உரைக்கு அழைப்பார். இன்று அந்த மனிதர் மைக்கை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அழைப்பார்கள் என்று எழும்பிய மாமா, எழும்பியபடியே நின்றார். பேச்சில்லாமல் ஒரு செத்த வீட்டில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கைகளை முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், பிறகு பிரேதத்தின் கால்மாட்டில் போய்க் கும்பிட்டார்.

தலைமாட்டில் இறந்தவரின் மனைவி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். மடியில் என் மகளளவு ஒரு பெடியன்.

"ஐயா," என்றாள். சத்தம் போடவில்லை. "கேற் கேக்க இவர் உங்கடை வீட்டை வந்தவர். தேத்தண்ணி எல்லாம் தந்து நல்லாக் கதைச்சவை எண்டு சந்தோசமா வந்து சொன்னவர்."

அந்தத் தேத்தண்ணியை நான்தான் போட்டிருப்பேன். அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை.

"நான் பாராளுமன்றத்திலை கதைச்சனான் பிள்ளை" என்றார் மாமா.

"ஓம். கதைச்சனீங்கள்."

ஒருவரும் அவரைத் திட்டவில்லை. செருப்பை ஒருவரும் தொடவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அவர் திரும்பினார். திரும்பும்போது, எங்கேயும் விடைபெறுகிற பழக்கத்தில், "அப்ப நான் போட்டு வாறன்" என்றார்.

செத்த வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. திரும்பி வருவேன் என்பது இன்னொரு சாவைக் கூப்பிடுவது போல. ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும். சிறுபிள்ளைக்கும் தெரிந்த முறை இது. வாழ்நாள் முழுக்கச் செத்த வீடுகளுக்குப் போன மனிதரின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. பெண்கள் "ஐயோ" என்று வாயைப் பொத்தினார்கள். பெடியளில் இரண்டு பேர் எழும்பினார்கள். நான் மகளை இறுக்கியதில் அவள் அழத் தொடங்கினாள்.

அந்தப் பெண் மட்டும் தலை நிமிர்ந்து பார்த்தாள். "வாங்கோ" என்றாள். "கேற்றோடை வாங்கோ."

எழும்பியவர்கள் அப்படியே நின்றார்கள். அவர்களுக்கு நடுவால் மாமா நடந்து வந்தார்.

வரும்போது நான் வேண்டுமென்றே கடவையைத் தவிர்த்துச் சுற்றி வந்திருந்தேன். திரும்பும்போது மாமா, "கடவையாலை போ" என்றார். மறுத்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு பக்கம் பனை வடலிக் கூட்டம். தண்டவாளத்தருகே போகுமட்டும் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. நான் காரை நிறுத்தினேன். கடக்கப் பயமாக இருந்தது. மாமா இறங்கினார். தண்டவாளத்தில் ஏறி நின்று இரண்டு பக்கமும் பார்த்து, வா என்று கையைக் காட்டினார். நான் கடந்தேன். அவர் காரில் ஏறவில்லை. பின்னால் வெங்காயத் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு லான்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தது. அதையும் மறித்து, பார்த்து, விட்டார்.

"என்ன ஐயா, வேலை மாறிட்டியளோ?" என்று ஒருத்தி கத்தினாள்.

அவர் சிரிக்கவில்லை. காருக்கு வந்து, "கொழும்பிட்டைக் கேற் கேட்டுக் கேட்டே காலம் போச்சு பிள்ளை" என்றார். "கடவையிலை நிக்க இந்த ஊரிட்டை ஒரு ஆளைக் கேட்டிருக்கலாம். முறை வைச்சு நிண்டிருப்பினம். காரைத் திருப்பு, உந்தப் பெடியளோடை கதைக்கவேணும்."

"இண்டைக்கு வேண்டாம் மாமா" என்றேன். "அவை இன்னும் பிரேதம் எடுக்கேல்லை."

அவருக்கு நான் மறுத்துச் சொல்லி, அவர் கேட்டது அதுதான் முதல்தடவை. காரை வீட்டுக்கு விட்டேன். சொன்னது சரிதானா என்று இரவெல்லாம் புரண்டேன். அந்த வேகத்திலேயே விட்டிருந்தால் நல்லதோ? விடிந்ததும் அவர் தேர்தல் ஆட்களோடு எல்லாவற்றையும் மறந்துவிட்டால்?

விடிந்ததும் அவர் பொலிஸ்காரருக்குச் சொல்லாமல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போய்விட்டார். கணவர் என்னைப் போனில் ஏசினார். மாமி சாமியறைக்குள் இருந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக் கேற்றுக்கும் விறாந்தைக்கும் நடந்தேன். போய்க் கூட்டி வரவா, போனால் அவரை இன்னும் சிறுமைப்படுத்துவேனா என்று தெரியவில்லை.

மத்தியானம் போன் வந்தது.

"பிள்ளை, சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. பின்னேர ரயில் போனாப் பிறகுதான் வருவன்."

"கடவையிலை தனியவோ நிக்கிறியள் மாமா?"

"இல்லை, பெடியள் நிக்கினம்."

அவருக்குப் பக்கத்தில் பலர் சிரிப்பது கேட்டது. அது என்ன சிரிப்பென்று அறிய போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.