மத்தியான ரயில்காரரின் காலைப் பயணம்

திங்கட்கிழமையிலிருந்து மத்தியானச் சுரங்க ரயில்களைப் பாதியாகக் குறைக்கப் போகிறார்களாம். எங்கள் தெருவில் பூட்டுக் கடை வைத்திருப்பவரிடம் அவருடைய சகலை சொன்னாராம். சகலையிடம் யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டுத் தூக்கம் போனது எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரருக்குத்தான்.

அவரிடம் வண்டி கிடையாது. ஆளுயரக் கண்ணாடியானாலும் ரயில்தான், அதுவும் மத்தியானத்தில் மட்டும். அலுவலகக் கூட்டம் வடிந்து, பள்ளிக்கூடக் கூட்டம் கிளம்பாத அந்த இடைவெளியில் ரயில் ஆடி அசைந்து வரும், பெட்டி காற்றாடும். அவர் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினால், எதிரே இருப்பவர்கள் கூசாமல் தலைசீவிக்கொள்வார்கள். காலை ரயில் எப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்திருந்தார்.

இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வேலை. அழகு நிலையம் திறக்கப்போகும் பெண்மணி முதலில் ஒரே ஒரு கண்ணாடி கேட்டிருந்தாள். திறப்பதற்குள் அது கீறலின்றி வந்தால் மீதி அத்தனையும் அவருக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள். மத்தியானத்தை நம்பி மோசம்போக வேண்டாமென்று, காலையிலேயே வருவதாக அவளிடம் சொல்லிவிட்டு மச்சினனோடு கிளம்பினார். நடைமேடைக்கே வந்து வாங்கிக்கொள்வதாக அவளும் சொன்னாள்.

ரயில் போன சூட்டோடு அடுத்த ரயில் வந்தது. ஒவ்வொன்றும் பிதுங்கி வழிந்தது.

"மாமா, இதுல ஏறுனா கண்ணாடி தூள்தான். அக்கா நம்மையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிடும்."

மாமா காதில் வாங்கவில்லை. எப்படியோ நுழைந்து, கண்ணாடியின் முகத்தை வாசல் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அங்கேதான் அதிர்ஷ்டம் அடித்தது. அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்ததும் ஓடிவந்த கூட்டம், எதிரே இன்னொரு கூட்டம் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பின்வாங்கியது. ஒரு பெரியவர் தன் பிம்பம் முதலில் இறங்கட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார். மச்சினன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

அதற்கடுத்த நிறுத்தத்தில் ரயில் நிற்கவே இல்லை.

"ஏங்க, இங்க நிக்கலையே?" என்றார் கண்ணாடிக்காரர்.

முதுகில் ஒட்டி நின்றவர் சொன்னார்: "காலைல இது விரைவு வண்டிங்க. பெரிய ஸ்டேஷன்லதான் நிக்கும்."

"எப்பவும் நிக்குமே."

"அது மத்தியானம்."

அவர் இறங்கவேண்டியது அடுத்த ஸ்டேஷன், இதைவிடச் சின்னது. ரயில் அதற்குள் நுழைந்தும் வேகம் குறைக்கவில்லை. நடைமேடை விளிம்பில் அழகு நிலையத்துப் பெண்மணி, காதில் போனோடு நின்றாள். தன்னைத் தானே பார்த்தபடி அவள் கண்ணாடிக்குள் வந்தாள், வாயைத் திறந்தாள், நழுவிப் போனாள்.

கண்ணாடிக்காரரின் சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு கைகளும் கண்ணாடியில் இருந்தன.

"மாமா, போனு."

"தெரியுது."

போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.